ஃபெலோரும் தலையாட்டி உண்டியலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட விஷயம். பரீட்சை முடிஞ்சது, வெளியே மழை, பக்கத்து அறைப் பையன் ஊருக்குப் போயிட்டான். இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க மக்களே.

ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் மாதிரி ஊர். சுத்தி மேடு, நடுப்பள்ளத்துல நகரம். எங்க வீடு கிண்ணத்தோட விளிம்புல இருக்கு. மேலே வர நூத்துக்கணக்குல கல்படி ஏறணும். எனக்கே மூச்சு வாங்கும். வீட்டுக்காரப் பாட்டிக்கு வயசு எழுபத்தேழு, உருளைக்கிழங்குப் பையைத் தூக்கிக்கிட்டு நிக்காம ஏறி வருவாங்க. குடிவந்த புதுசுல எந்த ஊருன்னு கேட்டாங்க. "சென்னைப் பக்கம்"னு சொன்னேன். வெளிநாட்டுல நாம எல்லாரும் சொல்ற பொய்தானே :-) பாட்டி விடல. பக்கம்னா எந்தப் பக்கம், ஊரு பேரை எழுதிக் காட்டுன்னாங்க. எழுதினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "ஆ... ஃபெலோர்!" அப்படின்னாங்க. வேலூரைத்தான். அந்த முதல் எழுத்தை இங்கே 'ஃப'ன்னுதான் படிப்பாங்க.

பொன்னியம்மன் கோயில் தெருவுல வளர்ந்த எனக்கு, ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு ஜெர்மன் பாட்டிக்கு வேலூர் தெரிஞ்சது ஆச்சரியம்தான். கோட்டையைக் கேள்விப்பட்டிருப்பாங்களோன்னு நினைச்சேன். இல்ல. ஆஸ்பத்திரி. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமைப் பாடத்துல இந்தியாவுல இருக்கற ஆஸ்பத்திரிகளைப் பத்திச் சொல்லுவாங்களாம். ஒரு உண்டியலும் இருந்துச்சாம். அதைப் பத்திச் சொல்லும்போது மட்டும் பாட்டி கொஞ்சம் தயங்கினாங்க. உண்டியல் மேலே ஒரு கறுத்த குழந்தை பொம்மை, மண்டி போட்டுக் கையைக் கூப்பிக்கிட்டு. காசு போட்டா அது தலையை ஆட்டும், நன்றி சொல்ற மாதிரி. "அது தலையாட்டறதைப் பார்க்கவே நாங்க காசு போடுவோம். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு"ன்னாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க: "அந்தக் காசெல்லாம் எங்கே போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் படிக்க வந்தது தண்ணீர்ப் பொறியியல். ஆனா கேள்வி மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு. நூலகத்துல கிடைச்சதை எல்லாம் படிச்சேன். ஒரு சனிக்கிழமை ரயிலேறி ட்யூபிங்கனுக்கும் போயிட்டு வந்தேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு.

ஸ்டுட்கார்ட்டில் இருந்து ஒரு முதலாளி

இந்த ஊருக்கும் தென்னிந்தியாவுக்கும் இருக்கற உறவு பழசு. மலையாளத்துக்கு அகராதியும் இலக்கணமும் எழுதின ஹெர்மன் குண்டர்ட் 1814ல் பிறந்தது இதே ஸ்டுட்கார்ட்டில்தான். மலையாளத்துக்கு முன்னாடியே அவர் தமிழ் கத்துக்கிட்டார். 1836ல் வந்து சென்னை, திருநெல்வேலின்னு சுத்திட்டுத்தான் தலச்சேரிக்குப் போனார். அவரை மாதிரி வூர்ட்டம்பெர்க் நாட்டு கிராமங்கள்ல இருந்து மிஷனரியாக் கிளம்பினவங்க ஏகப்பட்ட பேர். போன இடத்துல மலேரியாவிலும் சீதபேதியிலும் இளவயசுலயே செத்தவங்களும் ஏகப்பட்ட பேர்.

இதுக்கு ஏதாவது செய்யணும்னு கிளம்பினவர் பவுல் லெக்லர். ஸ்டுட்கார்ட் தொழிலதிபர். 1879ல் ஆரம்பிச்ச அவரோட கம்பெனி இன்னிக்கும் இருக்கு, தெளிப்பு முனைகள் செய்யுது. தண்ணீர்ப் பொறியியல் படிக்கறவனுக்கு இது தெரிஞ்ச பேர்தான், ஆனா அந்த ஆளுக்கு இப்படி ஒரு முகம் உண்டுன்னு தெரியாது. அவர் முயற்சியில 1906ல் மருத்துவப் பணிக்கான ஜெர்மன் நிறுவனம் உருவாச்சு. சுருக்கமா 'டிஃபேம்'. பல்கலைக்கழகம் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு ட்யூபிங்கன்ல இடம் பார்த்து 1909ல் கட்டடம் திறந்தாங்க. வெப்பநாட்டுக்குப் போற டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சி கொடுக்கறது வேலை. 1916ல் வெப்பநாட்டு நோயோட திரும்பி வர்றவங்களைத் தேத்தி அனுப்ப ஒரு ஆஸ்பத்திரியும் வந்துச்சு. அது இன்னும் லெக்லர் பேரிலேயே நடக்குது.

ஒண்ணைக் கவனிங்க. ஆரம்பத்துல இதெல்லாம் பெரும்பாலும் "நம்ம ஆளுங்க" சாகக் கூடாதுன்னு வந்த ஏற்பாடு. நம்ம ஊர் ஜனங்க கதைக்குள்ள வர்றது மெதுவாத்தான்.

மரத்தடி ஆஸ்பத்திரி

அதே காலத்துல வேலூர்ல என்ன நடந்துச்சுன்னு எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒண்ணாங்கிளாஸ்லயே தெரியும். ஐடா ஸ்கடர். 1900ல் ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பிச்சார். 1902ல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது ரோட்டோர மருத்துவம். ஒரு பியூஜோ கார்ல மருந்துப் பெட்டியை ஏத்திக்கிட்டு குடியாத்தம் ரோட்டுல போவாங்க. குறிப்பிட்ட மரத்தடியில கார் நிக்கும். அந்தக் கிழமைக்குச் சுத்துப்பட்டு ஊர் ஜனங்க காத்துக்கிட்டு நிப்பாங்க. வர முடியாதவங்களைத் தேடி டாக்டர் போகணும்ங்கற எண்ணம் அவ்ளோ சீக்கிரம் வந்திருக்கு.

ஆனா ஆஸ்பத்திரின்னு ஒண்ணு வந்துட்டா அதுக்குன்னு ஒரு பசி உண்டு. எக்ஸ்ரே வேணும், ஆபரேஷன் தியேட்டர் வேணும், அதுக்கு ஆள் வேணும், ஆளுக்குப் பயிற்சி வேணும். எல்லாம் நியாயமான தேவைதான், குறை சொல்லல. உலகம் பூரா மிஷன் ஆஸ்பத்திரிகள் இப்படித்தான் வளர்ந்துச்சு. 1950கள்ல ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் இருந்த நாடுகள் ஒண்ணொண்ணா விடுதலை வாங்கினப்ப, தேவாலயங்கள் கையில நூத்துக்கணக்கான பெரிய கட்டடங்கள் இருந்துச்சு. செலவு ஏறிக்கிட்டே போச்சு. உண்டியல் காசு பத்தல.

ஆயா கதை

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். அம்மாவோட அம்மா. குடியாத்தத்துல இருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன கிராமம். எங்கம்மா ரெண்டாவது பொண்ணுன்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். உண்மையில நாலாவது. முதல் ரெண்டும் பையன்கள். ஆயா அதைப் பத்திப் பேசினது என் நினைவுல ஒரே ஒரு தடவை. "அது ரெண்டும் தங்கல"ன்னு சொல்லிட்டு முறத்தைப் புடைக்க ஆரம்பிச்சிடுச்சு.

அப்புறம் பெரியம்மாதான் விவரம் சொன்னாங்க. 1950கள்ல நடந்தது. ரெண்டுமே வயித்துப்போக்கு. பேதி ஆகற குழந்தைக்குத் தண்ணி கொடுத்தா இன்னும் போகும்னு சொல்லி தண்ணியை நிறுத்திட்டாங்களாம். வேப்பிலை அடிச்சாங்க, மந்திரிச்சாங்க. டவுன்ல ஆஸ்பத்திரி இல்லாம இல்ல. நல்ல ஆஸ்பத்திரிகளே இருந்துச்சு. பஸ்ஸு காலையில ஒண்ணு. அதுக்கு மண் ரோட்டுல நடக்கணும். பெரியவங்க உத்தரவு வேணும், கையில காசு வேணும். ரெண்டாவது பையனைத் தூக்கிக்கிட்டு ஆயா பஸ் நிக்கற இடம் வரைக்கும் போச்சாம். அங்கிருந்தே திரும்பி வந்துச்சாம்.

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி. அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது அநேகமா அவ்வளவுதான். அது இவ்வளவு எளிமையா வேலை செய்யும்னு மருத்துவ உலகம் நிரூபிச்சதே 1960களின் கடைசியில, டாக்காவுல. 1971ல் வங்கதேச அகதி முகாம்ல டாக்டர் திலீப் மகலனாபிஸ் பக்கெட் பக்கெட்டா கலந்து கொடுத்து ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாத்தினப்பதான் உலகம் நம்புச்சு. அதனால ஆயா மேலயோ, ஊர்ப் பெரியவங்க மேலயோ, அந்தக் கால டாக்டர்கள் மேலயோ எனக்குக் கோபம் இல்ல. ஆனா ஒரு கேள்வி இருக்கு. மருந்து கண்டுபிடிச்ச பிறகும், அதை அந்த மண் ரோட்டுக்கு உள்ளே கொண்டு போறது யாரு?

ட்யூபிங்கன், மே 1964

இந்தக் கேள்வியைத்தான் 1964 மே மாசம் ட்யூபிங்கன்ல ஒரு சின்னக் கூட்டம் உக்காந்து பேசுச்சு. உலகத் திருச்சபைகள் மன்றமும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டினது. இடம் கொடுத்தது நம்ம லெக்லர் ஆரம்பிச்ச டிஃபேம். அந்த அறிக்கைக்கு முன்னுரை எழுதினது யாருன்னு பார்த்தா லெஸ்லி நியூபிகின். 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானப்ப மதுரை-ராமநாதபுரத்துக்கு முதல் பிஷப்பா இருந்தவர், 1965ல் சென்னை பிஷப்பா மறுபடி வந்தவர். நல்லாத் தமிழ் பேசுவார்.

இந்தக் கதையில இன்னொரு ஆள் ஜேம்ஸ் மெக்கில்வ்ரே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோட சூப்பரிண்டெண்டா இருந்தவர். ஆஸ்பத்திரியை நடத்தறதுன்னா என்ன, பில் எப்படி ஏறும், யார் வர்றாங்க, யார் வர்றதில்லைங்கறது அவருக்கு உள்ளங்கை மாதிரி. அந்தக் காலகட்டத்துல மிஷன் ஆஸ்பத்திரிகளைக் கணக்கெடுத்தாங்க. மொத்தம் 1200க்கு மேல. தேவாலயங்கள் செய்யற மருத்துவ வேலையில ஏறத்தாழ 95 சதவீதம் ஆஸ்பத்திரிக்குள்ள நடக்கற சிகிச்சை. ஆனா படுக்கையில கிடக்கறவங்கள்ல குறைஞ்சது பாதிப் பேருக்கு வந்தது தடுத்திருக்கக்கூடிய நோய்!

எங்க வாத்தியார் ஒருத்தர் சொல்லுவார், குழாய் ஒழுகறப்ப தரையைத் துடைச்சுக்கிட்டே இருக்கறவன் இன்ஜினியர் இல்லைன்னு. அதேதான் இது.

ட்யூபிங்கன் கூட்டத்தோட சாரத்தை நான் புரிஞ்சுக்கிட்ட அளவுக்குச் சொல்றேன். குணப்படுத்தறது டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எழுதிக் கொடுத்த வேலை இல்ல, அது ஒரு சமூகம் மொத்தமாச் செய்யவேண்டிய வேலை. அவங்க இதைத் தங்களோட சமய மொழியில பேசினாங்க, சபைன்னு சொன்னாங்க. எங்க வீடு கெங்கையம்மனுக்குக் கூழ் ஊத்தற வீடு, அந்த மொழி எனக்குப் பழக்கமில்ல. 'சபை'ங்கற இடத்துல 'ஊர்'னு போட்டுப் படிச்சா எனக்குப் புரியுது. அறுபது வருஷமா ரத்தம் சிந்திக் கட்டினதைப் பார்த்து, "இது மட்டும் போதாது, நாம தப்பான இடத்துல காசு போட்டுக்கிட்டு இருக்கோமோ"ன்னு கட்டினவங்களே கேட்டது சாதாரண விஷயமா எனக்குத் தெரியல.

1968ல் ஜெனீவாவுல கிறிஸ்தவ மருத்துவ ஆணையம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. முதல் இயக்குநர் மெக்கில்வ்ரே. பின்னாடி இந்தக் கதையை அவரே ஒரு புத்தகமா எழுதினார். 1981ல் அதை வெளியிட்டதும் ட்யூபிங்கன் டிஃபேம்தான்.

ஜாம்கேட்

இனி நம்ம ஆளுங்க. ரஜினிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே. (அந்த ரஜினி இல்ல :-) ரெண்டு பேரும் வேலூர்ல மருத்துவம் படிச்சவங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டு மகாராஷ்டிரத்துல வடாலான்னு ஒரு ஊர் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தாங்க. குணமாகிப் போற அதே ஆள், அதே நோயோட திரும்பி வர்றதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு. அமெரிக்கா போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல பொதுச் சுகாதாரம் படிச்சாங்க. 1970ல் அன்றைய அகமத்நகர் மாவட்டத்துல வறட்சி பிடிச்ச ஜாம்கேட்டுக்கு வந்து இறங்கினாங்க. ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச இடம் ஒரு பழைய கால்நடை மருத்துவமனை! ஆணையத்தோட ஆதரவு இவங்களுக்கு இருந்துச்சு.

முதல்ல எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சாங்க. படிச்ச நர்சுகளை கிராமத்துக்கு அனுப்பினாங்க. வெளியூர்ப் பொண்ணு, தனியா, ஊர்ல யாருக்கும் பழக்கமில்ல. ஓடல. அப்புறம்தான் ஊர்க்காரங்களே ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும்னு விட்டாங்க. வந்தவங்க பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். பல பேர் தலித்துகள், கணவன் கைவிட்டவங்களும் உண்டு. வாராவாரம் ஜாம்கேட்டுக்கு வருவாங்க. பிரசவம் பார்க்கறது, கர்ப்பிணிக்கு ரத்தசோகை கண்டுபிடிக்கறது, குழந்தையை எடை போடறது, உப்பு-சர்க்கரைத் தண்ணி கலக்கறதுன்னு ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டுத் திரும்பிப் போவாங்க.

தண்ணி விஷயம் எனக்குப் பாடத்தோட சம்பந்தப்பட்டதால இன்னும் கொஞ்சம் கவனிச்சுப் படிச்சேன். 1970களின் ஆரம்பத்துல மகாராஷ்டிரத்துல கொடூரமான பஞ்சம். ஆழ்துளைக் கிணறு தோண்ட வழி கிடைச்சுது. எங்கே தோண்டறது? எங்கள் பாடப்புத்தகத்துல இதுக்கு நிலத்தடி நீர், பாறை வெடிப்பு, சாய்வுன்னு பதில் இருக்கும். ஆரோலேக்கள் தலித் குடியிருப்புக்குள்ள தண்ணி இருக்கற இடமாப் பார்க்கச் சொன்னாங்க. தண்ணி வேணும்னா மத்தவங்க அங்கே நடந்து வரட்டும்! பைப்பை எங்கே இறக்கறோம்ங்கறது சாதி விஷயமும்தான்னு எனக்கு எந்த புரொபசரும் சொல்லித்தரல.

கணக்கைச் சொல்லிடறேன். 1971ல் அந்தப் பகுதியில பிறந்த ஆயிரம் குழந்தைகள்ல 176 குழந்தைகள் ஒரு வயசுக்குள்ள செத்தாங்க. 1976ல் அது 52. 1993ல் 19. இந்தக் கணக்கு வெறும் மருந்தால வந்ததில்ல. தண்ணி, சாப்பாடு, கல்யாண வயசு, பெண்கள் சங்கம் எல்லாம் சேர்ந்து. ஆரோலே தம்பதிக்கு 1979ல் மகசேசே விருது கிடைச்சுது. 1988ல் வாஷிங்டன்ல ஒரு மாநாட்டுக்கு ஜாம்கேட் சுகாதாரப் பணியாளர் முக்தாபாய் போல் போனார். அந்த மண்டபத்துல தொங்கின பெரிய சரவிளக்கைக் காட்டி, டாக்டர்கள் அது மாதிரி, அழகு, விலை அதிகம், கைக்கு எட்டாது. நாங்க அகல்விளக்கு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணை ஏத்தலாம்னு பேசினாராம். மேடையில இருந்த டாக்டர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன்.

ஜெனீவாவில் பக்கத்து வீடு

ஜெனீவாவுல உலகத் திருச்சபைகள் மன்றத்தோட அலுவலகமும் உலகச் சுகாதார நிறுவனத்தோட தலைமையகமும் பக்கத்துப் பக்கத்துல. ஆனாலும் சில வருஷங்கள் ஒருத்தருக்கொருத்தர் பெருசாப் பேசிக்கல. 1973ல் ஹாஃப்டன் மாலர் இயக்குநரா வந்த பிறகு நிலைமை மாறுச்சு. டென்மார்க்காரர், பாதிரியார் மகன். அதுக்கு முன்னாடி 1951ல் இருந்து பத்து வருஷம் இந்தியாவுல காசநோய்த் திட்டத்துல வேலை பார்த்தவர்.

அந்தப் பத்து வருஷத்துலதான் சென்னைச் சேத்துப்பட்டுல 1956ல் காசநோய் ஆராய்ச்சி மையம் வந்துச்சு. சானடோரியத்துல படுக்க வெச்சு முட்டையும் பாலும் கொடுத்த நோயாளிகளையும், குடிசையில இருந்துக்கிட்டே மாத்திரை சாப்பிட்ட ஏழை நோயாளிகளையும் ஒப்பிட்டாங்க. மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டா வீட்டுல இருக்கறவங்களும் அதே அளவுக்குக் குணமாகறாங்கன்னு 1959ல் முடிவு வெளியாச்சு. கட்டடம் இல்லாமலும் வைத்தியம் நடக்கும்னு உலகத்துக்குக் காட்டினது நம்ம சென்னை!

1974ல் மாலர் தரப்பும் ஆணையத் தரப்பும் உக்காந்து பேசினாங்க. 1975ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட புத்தகத்துல ஜாம்கேட் கதையும் இருந்துச்சு. கூடவே குவாத்தமாலா, ஜாவா அனுபவங்கள். மூணுமே ஆணையத்தோட தொடர்புல இருந்தவை. சீனாவோட வெறுங்கால் மருத்துவர்கள் பத்தியும் அப்ப உலகமே பேசிக்கிட்டு இருந்துச்சு. எல்லாம் கூடி 1978 செப்டம்பர்ல அல்மா-அட்டா மாநாடு. இன்னிக்கு கஜகஸ்தான்ல இருக்கற அல்மாட்டி. 134 நாடுகள். ஆரம்பச் சுகாதாரமே அடித்தளம், மக்கள் அதுல பங்கெடுக்கறது அவங்க உரிமையும் கடமையும், 2000ஆம் ஆண்டுக்குள்ள எல்லாருக்கும் நலவாழ்வுன்னு பிரகடனம்.

வேலூர் ரோட்டோர மரத்தடி, ட்யூபிங்கன், ஜாம்கேட், ஜெனீவா, அல்மா-அட்டா. கோட்டைப் போட்டுப் பார்த்தா நம்ம ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவுல எத்தனை தடவை போய்ட்டு வந்திருக்கு பாருங்க. ஐரோப்பா கொடுத்துச்சு, நாம வாங்கிக்கிட்டோம்னு ஒத்தை வரியில சொல்ற கதை இல்ல இது. ஆஸ்பத்திரி இங்கிருந்து வந்துச்சுன்னா, "ஆஸ்பத்திரி மட்டும் போதாது"ங்கற பாடம் நம்ம ஊரு வறட்சிக்காட்டுல இருந்து இங்கே வந்திருக்கு.

சித்தியின் கேள்வி

இத்தோட முடிச்சா சுபம். ஆனா முடியாது.

அல்மா-அட்டா முடிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகல. 1979லயே, இதெல்லாம் பெரிய கனவு, காசுக்கு ஏத்த மாதிரி நாலஞ்சு நோயை மட்டும் தேர்ந்தெடுத்து அடிப்போம்னு இன்னொரு கட்சி கிளம்பிடுச்சு. தடுப்பூசி, உப்புச்சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், எடை பார்க்கறதுன்னு பட்டியல் சுருங்குச்சு. அதுவும் லட்சக்கணக்கான குழந்தைகளைக் காப்பாத்தியிருக்கு, மறுக்கல. ஆனா கிணறு யார் வீட்டு வாசல்ல இருக்கணும்ங்கற கேள்வி அந்தப் பட்டியல்ல இல்ல. 2000ம் வந்துச்சு, போச்சு.

அப்புறம், தொண்டு நிறுவனங்களாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு நான் சொன்னா ஊர்ல உதைப்பாங்க. சென்னை மாகாணம் 1939லயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டு வந்துச்சு. எங்கம்மா காலத்துல ஊருக்குள்ள நடந்து வந்து தடுப்பூசி போட்டது அரசாங்க நர்சம்மாதான். ஜாம்கேட் மாதிரி திட்டங்கள் நூறு கிராமத்துல செய்யறதை ஒரு மாநிலம் முழுக்கச் செய்ய அரசாங்கத்தாலதான் முடியும். 2005ல் வந்த ஆஷா திட்டம், 2021ல் நம்ம மாநிலத்துல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் ரெண்டுலயும், ஊருப் பொண்ணே ஊரைப் பார்த்துக்கறதுங்கற அதே யோசனையோட சாயல் இருக்கு.

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல எங்க சித்திகிட்ட உற்சாகமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன். சித்தி கொஞ்ச காலம் சுகாதாரத் தன்னார்வலரா வீடு வீடாப் போனவங்க. சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கற வேலை. வெயில்ல நடந்து கால் வெடிச்சுக் கிடக்கும். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அதெல்லாம் சரி கண்ணு. அந்த ஜாம்கேட் பொம்பளைங்களுக்கு சம்பளம் எவ்ளோ?"ன்னாங்க.

ஒரு நிமிஷம் பேச்சு வரல. அவங்க முழுச் சம்பளத்துக்கு வேலை செஞ்சவங்க இல்ல. கொஞ்சம் பயணப்படி மாதிரி, அதுக்கு மேல ஊர் மரியாதை, தன் பிழைப்புக்குத் தனியா ஆடு, கடைன்னு வெச்சுக்கிட்டாங்க. இன்னிக்கும் நாடு முழுக்க ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷா பெண்கள் இருக்காங்க. 2022ல் உலகச் சுகாதார நிறுவனம் விருது கொடுத்துப் பாராட்டுச்சு. ஆனா ஏட்டுல அவங்க இன்னும் தொழிலாளி இல்ல, தன்னார்வலர். கையில வர்றது சம்பளம் இல்ல, ஊக்கத்தொகை. பல மாநிலங்கள்ல இதுக்காகத் தெருவுல உக்காந்து போராடியிருக்காங்க.

அகல்விளக்கு விலை மலிவுன்னு முக்தாபாய் பெருமையாச் சொன்னார். அதைக் கேட்டுக்கிட்டு இருந்த உலகம் 'மலிவு'ங்கற ஒரு சொல்லை மட்டும் பிடிச்சுக்கிச்சோன்னு எனக்குச் சந்தேகம். கட்டடத்துக்குப் போட்ட காசு தப்பான இடத்துல போச்சுன்னு 1964ல் கேட்டவங்க நேர்மையானவங்க. இன்னிக்கு அதே நேர்மையோட கேட்க வேண்டியது, நடக்கற கால்களுக்கு என்ன கொடுக்கறோம்னுதான். எங்கிட்ட பதில் இல்ல, சித்திகிட்ட இருக்கு.

ட்யூபிங்கன் போய் வந்த கதை

ஸ்டுட்கார்ட்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரம்தான். வழியில மெட்சிங்கன் வரும், லெக்லர் கம்பெனி இப்ப அங்கேதான் இருக்கு. மத்த எல்லாரும் அந்த ஸ்டேஷன்ல இறங்கறது தள்ளுபடி விலையில துணி வாங்க :-) ட்யூபிங்கன்ல நெக்கர் ஆத்துல மாணவர்கள் மூங்கில் கழி மாதிரி நீளக் கழியை ஊன்றிப் படகு தள்ளிக்கிட்டு இருந்தாங்க. மேட்டுல ஏறிப் போனா பவுல் லெக்லர் தெரு. ஆஸ்பத்திரி அமைதியா இருந்துச்சு. வாசல் பெஞ்சுல உக்காந்து கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து பாட்டிகிட்ட எல்லாத்தையும் என் ஓட்டை ஜெர்மன்ல சொன்னேன். உங்க காசு எந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னு என்னால சொல்ல முடியாது, ஆனா அந்தக் காசை எப்படிச் செலவழிக்கறதுன்னு இங்கேயே உக்காந்து சண்டை போட்டிருக்காங்கன்னேன். 1959ல் ஆரம்பிச்ச 'ப்ரோட் ஃப்யூர் டி வெல்ட்', அதாவது 'உலகுக்கு ரொட்டி', அதுக்கும் சின்னப் பொண்ணா இருந்தப்ப காசு போட்டிருக்காங்களாம். அதோட தலைமை அலுவலகம் 2012ல் பெர்லினுக்கு மாறுற வரைக்கும் இதே ஸ்டுட்கார்ட்ல, எங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல இருந்திருக்கு. அது பாட்டிக்கே தெரிஞ்ச விஷயம், எனக்குத்தான் புதுசு.

ஆயா கதையையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோன்னு பாதியில தோணுச்சு. பாட்டி குறுக்கே எதுவும் பேசல. கடைசியில அந்தப் பையன்களுக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். மூத்தவன் பேர் சேகர். சின்னவனுக்குப் பேர் வெக்கலையாம், "தம்பி"ன்னே கூப்பிட்டிருக்காங்க.

பி.கு: உங்க வீட்டுல வயசான ஆயாவோ அம்மாயியோ அப்பத்தாவோ இருந்தா, உங்க ஊருக்கு முதல்ல ஊசி போட வந்த நர்சம்மா யாரு, எதுல வந்தாங்க, ஊரு அவங்களை எப்படி நடத்துச்சுன்னு கேட்டு எழுதி வைங்க. அவங்களுக்கு அப்போ என்ன சம்பளம்னு தெரிஞ்சா அதையும். சித்திக்குச் சொல்லணும்.